பறந்து வந்தால் இருபத்திரண்டு மணி

பவானிபூர், கல்கத்தா
3-1-1911

சௌபாக்கியவதி அக்கா பாகீரதிக்கு வைத்தீஸ்வரன் செய்யும் நமஸ்காரம். இங்கே நானும் காமுவும் குழந்தையும் ஈசன் கிருபையில் சௌக்கியம். மாயவரத்தில் நீயும் அத்திம்பேரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய நாரத்தங்காய் வந்து சேர்ந்தது. ஜாடியின் வாய் உடைந்திருந்தும் ஊறுகாய் கெடவில்லை.

போன வாரம் டாலிகஞ்ச் மைதானத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஏரோப்ளேன் ஓட்டிக் காட்டினார். காமுவையும் அழைத்துப் போனேன். மூங்கில் கழியும் துணியுமாக ஏதோ பெட்டி மாதிரி இருந்தது. இரைந்துகொண்டே புல்லில் ஓடி, தென்னை உயரத்துக்கு எழும்பிவிட்டது. அத்தனை கூட்டமும் அண்ணாந்து பார்த்தது.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேஜை ஹரிபத பாபு பென்சிலை எடுத்தார். சென்னை இங்கிருந்து நேர்கோட்டில் எண்ணூற்று அறுபது மைல்; மணிக்கு நாற்பது மைல் பறந்தால் இருபத்திரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றார். ரயிலில் இரண்டு ராத்திரி ஆகிறதே. வீட்டில் இதைச் சொன்னேன். "போன மாசியிலே இது இருந்திருந்தா, அப்பா முகத்தை நீங்க பாத்திருப்பேளே" என்றாள் காமு. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

நீயும் அன்று தூரத்தைத்தான் காரணம் சொன்னாய். அந்தச் சனிக்கிழமை நான் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. முந்தின நாளே அத்திம்பேர் கொள்ளி வைத்துவிட்டார். ஜகதாம்பாள் அத்தை, "ஒரே பிள்ளை, இப்பவா வரான்?" என்று கேட்டாள். "ஆயிரம் மைல் தாண்டி வரவனை என்ன அத்தை கேக்கறது" என்று நீ குறுக்கே நின்றாய்.

அக்கா, தூரம் காரணமில்லை. உன் தந்தி செவ்வாய்க்கிழமை காலையே ஆபீஸில் என் கைக்கு வந்துவிட்டது. அன்று சாயங்கால மெயிலில் ஏறியிருந்தால் வெள்ளிக்கிழமை விடியும்போது அங்கே இருந்திருப்பேன். அப்பா உச்சிவேளை வரை இருந்தார். ஆனால் புதன்கிழமை, தலைமை குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருந்த எங்களைப் பெரிய துரை கூப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தது. முன்பு இரண்டு தடவை இப்படித் தந்தி வந்து அப்பா தேறிவிட்டாரே, இதுவும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துரையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் காமுவிடமே தந்தியைக் காட்டினேன்.

அந்த வேலை கிடைத்தது. நீ சந்தோஷப்பட்டு எழுதினாய்.

நேற்று காமுவிடம் சொல்லிவிட்டேன். "அக்காவுக்கு எழுதுங்கோ" என்றாள்.

அப்பாவின் வருஷ ஆப்திகத்துக்குப் பத்து நாள் முன்பே வர லீவு வாங்கியிருக்கிறேன். வர வேண்டாம் என்று நீ எழுதினால், இங்கே கங்கைக்கரையில் செய்துவிடுகிறேன். அத்திம்பேரிடம் இதைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா என்னைக் கேட்டாரா என்று நீ இதுவரை எழுதியதில்லை. நானும் கேட்கத் துணியவில்லை. இப்போது கேட்கிறேன். எனக்காகப் பார்க்காமல் உள்ளதை எழுது.

உன் பாதத்தில் விழும் தம்பி,
வைத்தீஸ்வரன்