தீவனப் பணத்தில் வந்த ஸ்வெட்டர்

அப்பாவுக்கு, உங்கள் மகள் வணக்கத்தோடு எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கிணற்றில் வாளி முங்குகிற அளவுக்காவது தண்ணீர் இருக்கிறதா?

பார்சல் வந்தது. பிரித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. தம்பி போனில் விஷயத்தைச் சொன்னதும் பற்றிக்கொண்டு வந்தது. வறட்சி நிவாரணமாக உங்கள் கணக்கில் போட்ட பணம் மாட்டுத் தீவனத்துக்குத்தானே? அதில் எனக்கு ஸ்வெட்டர் வாங்கச் சொல்லி யார் அழுதார்கள்? மீன் பெட்டி அடுக்கும் குளிர் அறையில் விரல் கொஞ்சம் மரத்துப்போனது, சூப்பர்வைசர் அரை நாள் உட்காரவைத்தார் என்று போன கடிதத்தில் சும்மா ஒரு வரி எழுதினேன். அதற்கா இது?

விசாரிக்க வந்த அதிகாரியிடமாவது மழுப்பியிருக்கலாம். "பணத்த என்ன பண்ணீங்க?" என்று கேட்டதற்கு, "குளிருல நிக்கிற என் பொண்ணுக்குத் துணி வாங்குனேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீர்களாம். அவர் 'வீண் செலவு' என்று எழுதிக்கொண்டு போனாராம். அவருக்கு என்ன தெரியும்? ஆனால் அடுத்த தவணையை நிறுத்திவிட்டால் மாடு எதைத் தின்னும்?

மாட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள். தம்பியிடம் சொல்லி அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள்.

ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்பத்தான் மடித்து வைத்திருந்தேன். இன்று காலை என்னையறியாமல் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். கூட வேலை செய்யும் அக்கா தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கே, யாரு வாங்கிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு மாடு" என்றேன்.

சங்கு ஊதுகிறது, உள்ளே போகிறேன்.

இப்போது விரல் மரக்காத,
உங்கள் மகள்