இரண்டாம் எண் பீரங்கி மேடை

பிப்ரவரி 6, செவ்வாய்

காலை ஷிஃப்ட். நாள் பூரா பிரேக் டிஸ்க் அளந்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் அளவுகள்தான். போர்க்காலத்தில் அந்தமானைப் பிடித்த ஜப்பான்காரன் கடலோரத்தில் கட்டிய பீரங்கி மேடைகளின் அளவுகள். ஐந்து வருடமாக, ஓரகடத்துக் கம்பெனியில் லீவுக்குக் கெஞ்சி, கப்பலேறிப் போய் அளந்தவை. வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம். முனைவர் பட்டம் வந்தால் கல்லூரி வேலைக்கு மனுப் போடலாம். இந்த லைனை விட்டுத் தொலையலாம்.

என் வழிகாட்டி கோதண்டம் சார் போன் செய்தார். "அந்த ரெண்டாம் நம்பர்தாம்மா உன் ஆய்வுக்கே உயிரு." மேடையின் அடிச்சுவரில், ஈரக் கான்கிரீட்டில் யாரோ கீறிய '௨'. தமிழ் எண் இரண்டு. அடித்து வேலை வாங்கப்பட்ட தமிழ்க் கூலிகள் போட்ட வரிசை எண். இரண்டு இருந்தால் ஒன்று இருந்தாக வேண்டுமே? காணாமல் போன அந்த முதல் மேடையைப் பற்றி நூற்றிருபது பக்கம் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 9

தலைவலி. ஒரு வரி ஓடவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

ஐயோ.

கம்பெனியில் புது ஷெட் கட்டுகிறார்கள். டீக்குப் போனவள் நின்று பார்த்தேன். கான்கிரீட் கொட்டியதும் ஐயனார் மேஸ்திரி குனிந்து, ஓரத்தில் விரலால் ஒரு சுழி சுழித்து இழுத்தார். அதே வளைவு. அதே வால்.

"இன்னாண்ணா, நம்பரா?" – கேட்டேனே!

"நம்பராவது ஒண்ணாவது! பிள்ளையார் சுழிம்மா. அத்த போடாம எந்த வேலய ஆரம்பிச்சிக்கிறோம்?"

பரீட்சைத் தாளில் நானே எத்தனை முறை போட்டிருக்கிறேன்! கல்வெட்டு படித்த திமிர். மற்ற மேடைகளில் எண்ணே இல்லையே என்றால், உப்புக்காற்று அரித்துவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறேன். த்தூ. முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி நிற்க, எவனுக்கோ மேடை கட்டியவன், நல்லபடியா முடியணும் சாமி என்று கும்பிட்டு ஆரம்பித்திருக்கிறான். அவன் வேண்டுதலுக்கு நான் நம்பர் போட்டுவிட்டேன். முதல் மேடை என்று ஒன்று இல்லவே இல்லை. இப்ப நான் இன்னா பண்றது?

பிப்ரவரி 17

மேஸ்திரி சொன்னதைச் சாரிடம் சொன்னேன். "அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம். ரெண்டாம் நம்பர் பத்தின நம்ம கட்டுரை அச்சாயாச்சு. வாயை மூடிக்கிட்டு பட்டத்தை வாங்கிட்டுப் போம்மா."

கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில்.

மார்ச் 4

சொல்லவா? வேண்டாமா? சொன்னால் ஐந்து வருடம் போச்சு. சொல்லாவிட்டால்?

மார்ச் 14, வியாழன்

சொல்லிவிட்டேன். "அது எண் இல்லை, பிள்ளையார் சுழி. நான் படித்தது தப்பு." தேர்வாளர் பக்கங்களைப் புரட்டி, "அப்ப முதல் மேடையைப் பத்தின இந்த நாலாம் இயல்?" என்றார். "பொய்ங்க" என்றேன். திருத்தி எழுதி ஒரு வருடம் கழித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். கோதண்டம் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. தாம்பரத்திலிருந்து படப்பை வரை ஷேர் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "யாரும்மா செத்துப் பூட்டாங்க?" என்று கேட்டார்.

மே 19, ஞாயிறு

செய்தித்தாளில் அரைப் பக்கம். 'பீரங்கி மேடையில் பிள்ளையார் சுழி: பேராசிரியர் கோதண்டம் கண்டுபிடிப்பு.' சிரித்தபடி போட்டோ வேறு.

மே 20, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் ஐயனார் அண்ணனிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடி இல்லை, நீயே படி என்றார். படித்தேன்: 'மாணவி ஒருவர் எண் எனப் பிழையாகக் கருதியதை, கட்டடத் தொழிலாளி ஒருவரிடம் விசாரித்துப் பேராசிரியர் சரிசெய்தார்.'

"மாணவி நான். தொழிலாளி நீங்க."

"நானா? அந்தாள நான் பாத்ததே இல்லியேம்மா!" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "அந்தமான்ல அத்த போட்டான் பாரு, அவன் பேரு?"

"தெரியலண்ணா."

"அப்ப பேரில்லாம மூணு பேரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டோம்.