‘கவலை வேண்டாம்’ என்று நான் எழுதிய வரி

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. மந்தின் டவுனில் கடை வாசலெல்லாம் தண்ணீர். மோட்டார் சைக்கிளில் செம்பனை எண்ணெய் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை, பர்ஸ், பர்ஸில் இருந்த சாமி படம் எல்லாம் ஈரம்.

வேலை: சனிக்கிழமை விபத்து பற்றி எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் அறிக்கை. வெள்ளிக்குள் கொடுக்கணுமாம். பெரிய எஞ்சினியர் உத்தரவு.

நடந்ததை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். செம்பனைக் குலையை நீராவியில் வேகவைக்கும் இரும்பு உருளை, இரண்டாம் நம்பர். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று திரை காட்டும். பூஜ்யம் வந்தால்தான் கதவைத் திறக்கலாம். சனிக்கிழமை ஏதோ ஒரு வயர் அறுந்து, திரை முந்தின தடவையின் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது. மணியம் திறந்தான். உள்ளே நீராவி இருந்தது.

மணியமும் நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. இப்போது சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். முகம், மார்பு, இரண்டு கை.

திரையில் அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு வரி வந்திருக்கிறது. ‘மன்னிக்கவும், ஒரு சின்ன தடங்கல். கவலை வேண்டாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.’ மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ் வரி நான் எழுதியது.

நவம்பர் 5, செவ்வாய்

வாங்க: கேஸ், கொசுவர்த்தி, மணியத்துக்குப் பழைய பருத்திக் கைலி இரண்டு (அவன் பெண்சாதி தேவி கேட்டாள், மெத்தென்று இருக்கணுமாம்).

வெயில் வந்து மறுபடி மழை.

முன்பு அந்த இடத்தில் வந்தது ‘E-14’. பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வார்த்தை. சிக்னல் போய்விட்டது, இது பழைய எண் என்று அர்த்தம். மில்லில் யாருக்கும் புரியாது. ஆனால் பயம் இருந்தது. ம. உள்ளங்கையில் பேனாவால் நம்பரை எழுதிக்கொண்டு எனக்குப் போன் அடிப்பான். நான் சோறு சாப்பிடுகிறேனா, குளிக்கிறேனா, அதெல்லாம் அவனுக்குக் கவலை இல்லை. “குணா, பதினாலு வந்திருக்குடா, என்ன செய்ய?” ஏணியில் ஏறி, உருளை மேலே இருக்கும் ஊசி மீட்டரைப் பார் என்பேன். எட்டுப் படி. ஏறிப் பார்ப்பான்.

ஆபீசில் சொன்னார்கள்: ஆட்கள் மிரளுகிறார்கள், போன் போட்டு வேலையை நிறுத்துகிறார்கள், மெசேஜெல்லாம் அன்பாக இருக்கட்டும். எனக்கும் சந்தோஷம்தான். முதல் தடவையாக மில்லுக்குள் தமிழ். உட்கார்ந்து ஆசையாக எழுதினேன். திரையிலேயே கிடந்து பயமுறுத்த வேண்டாம் என்று, பத்து நிமிடத்தில் தானே மறையும்படியும் வைத்தோம்.

ஆயுத பூஜைக்கு அந்தத் திரைக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். ம. போட்டோ எடுத்து அனுப்பினான். “டேய், கம்ப்யூட்டரு உன்ன மாதிரியே பேசுதுடா!”

அதற்கப்புறம் போன் வரவில்லை. நல்லபடியாக ஓடுகிறது என்று நினைத்தேன். மடையன்.

நவம்பர் 6, புதன்

ஆஸ்பத்திரி. உள்ளே விடவே முக்கால் மணி. தேவி வராந்தாவில், தீபாவளிக்கு எடுத்த சுடிதாரிலேயே. அவள் சுட்ட முறுக்கு இன்னும் என் வீட்டு டின்னில் இருக்கிறது.

ம.வின் முகம் முழுக்கக் கட்டு. குரல் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

“சரியாயிடும்னு போட்டிருந்துச்சுடா,” என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. “அதான் நின்னேன். தொடவே இல்ல. பத்து நிமிசம் கழிச்சு அது போயிருச்சு. சரியாயிருச்சுன்னு நெனச்சேன்.”

“பேசாதடா.”

“நான் அவசரப்படல குணா.”

“தெரியும்டா.”

என் மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் என்றதும் நின்றிருக்கிறான், வரி மறைந்ததும் போயிருக்கிறான். சொன்னதைச் சொன்னபடி செய்தவனுக்கு இந்தக் கதி.

வராந்தாவுக்கு வந்து அழுதேன். நர்ஸ் டிஷ்யூ கொடுத்தார்.

நவம்பர் 7, வியாழன்

எஞ்சினியர் தன் பக்க அறிக்கையைக் காட்டினார். ‘தொழிலாளி ஊசி மீட்டரைப் பார்க்காமல் கதவைத் திறந்தார். கவனக்குறைவு.’

“சார், மெசேஜ் பத்தி ஒன்னுமே இல்லையே?”

“மெசேஜ் வெறும் மெசேஜ்தான் லா. மீட்டர பாக்கணும்னு ரூல் இருக்கு.”

“நம்பர் வந்தா பாக்கணும்னுதான் அவங்களுக்குப் பழக்கம். நம்பர எடுத்தது நாம.”

“அப்ப பழைய மாதிரி E-14ன்னே போட்டிருந்தா? அது என்னன்னு இங்க எத்தன பேருக்குத் தெரியும், சொல்லு?”

அவர் சொன்னதும் உண்மைதான். ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததால்தான் என்னைக் கேட்டார்கள். நான் அன்பாக எழுதியதும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே யோசனை. அன்பாகப் பேசியது தப்பில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த நேரம் கம்ப்யூட்டருக்கே தெரியாது. தனக்குத் தெரியாது என்பது மட்டும் அதற்குத் தெரியும். அதைச் சொல்ல விடாமல் அதன் வாயில் என் சமாதானத்தை வைத்தேன். கல்யாண வீட்டில் கறி தீர்ந்துபோனால் பந்தியில் சொல்கிற மாதிரி, இதோ வருது, இதோ வருது என்று.

டயர் மாற்றணும். மறந்தே போகிறது.

நவம்பர் 8, வெள்ளி

காலை பத்தரைக்கு ம. போய்விட்டான். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாம்.

அறிக்கை கொடுக்கவில்லை. திங்கள் வரை தவணை.

நவம்பர் 9, சனி

அடக்கம். தூறல். செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது, வெறுங்காலோடு நின்றேன். மில் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

பின்னால் இரண்டு பேர். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

“மீட்டர பாக்காம தொறந்துட்டானாம்.”

“அவசரம் லா. ஷிப்ட் முடியிற நேரம்.”

அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. பத்து நிமிடம் கை கட்டி நின்றவனுக்கு அவசரக்காரன் என்று பேர். தேவியின் காதிலும் விழுந்திருக்கும், அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நவம்பர் 11, திங்கள்

கூட்டம். ஒன்பது பேர், பிஸ்கட், காப்பி.

என் அறிக்கையை வாசித்தேன். அந்த வரியை அப்படியே வாசித்தேன், மலாயில், தமிழில். எழுதியது நான் என்றேன். பத்து நிமிடத்தில் மறைய வைத்தது எங்கள் பிரிவு என்றேன். மணியம் காத்திருந்துதான் திறந்தார், ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை எடுக்கணும் என்றேன்.

எஞ்சினியர்: “குணா, யாரு எழுதினதுன்னு உன்ன யாரும் கேக்கலையே.”

“கேக்காததுனாலதான் சார் சொல்றேன்.”

நெடுநேரம் பேசினார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். மூன்று மணிக்குக் கூப்பிட்டு, சொல்லை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். உள்ளே அழுத்தம் இருந்தால் கதவு திறக்காதபடி பூட்டுக்கும் தனி வயர் வருமாம். மெசேஜை நானே மாற்றி எழுதித் தரணுமாம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 14, வியாழன்

மெசேஜ். மூன்று நாளாக இதே.

‘பிழை E-14.’ யாருக்குப் புரியும்.
‘அழுத்தமானியின் தொடர்பு துண்டிக்கப்பட்டது.’ ரேடியோ செய்தி.
‘தயவுசெய்து...’ வேண்டாம். தயவு போதும்.

கடைசியில்: ‘இந்த எண் பொய். உள்ளே நீராவி இருக்கலாம். ஏணியில் ஏறி மீட்டரைப் பார். E-14.’ வயர் சரியாகும்வரை மறையாது. மரியாதை இல்லை என்றார் எஞ்சினியர். அப்படியே இருக்கட்டும் சார் என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

மழை இல்லை.

சனிக்கிழமை கருமாதி முடிந்தது. இன்றிலிருந்து தேவி மறுபடி வேலைக்கு, சுங்கை காடுட் பேக்டரி. அன்று வீடு நிறைய ஆள், சொல்ல முடியவில்லை. இன்று காலை பஸ் நிற்கும் இடத்துக்கே போனேன். நெற்றி வெறுமையாக, டிபன் பையோடு நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் வந்த வரி என்ன, எழுதியது யார், கூட்டத்தில் என்ன முடிவு.

“நீங்க எழுதினதுன்னு தெரியும்ணே,” என்றாள். “அவரு சொல்லியிருக்காரு.”

டிபன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அவரு மேல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்களா?”

“எழுதிட்டாங்க தேவி.”

“ம்.”

பஸ் வந்து நின்றது. படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“தொறக்காதன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா, அவரு கேட்டிருப்பாருல்லண்ணே?”

கேட்டிருப்பான் என்றேன்.