சனிக்கிழமை விழுந்த புள்ளிகள்

பிப்ரவரி 3, 2007, சனி

தேய்த்து முடித்தாயிற்று. அப்பாவின் கைத்துப்பாக்கியில் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு இப்போது கரண்டி மாதிரிப் பளபளக்கிறது. உறையில் போட்டுப் போட்டு எடுத்ததில் முனையெல்லாம் வெளுத்து, நடுவில் பழுப்பேறிக் கிடந்த பழைய நீல மெருகு முழுசாகப் போயிற்று. முப்பது வருஷம் பல் செட்டுக்கு மெருகு போட்ட கை. இது எனக்கு ஜுஜுபி. அடிப்பாகத்தில் மெருகு நன்றாகவே இருக்கிறது. அதைத் தொடவில்லை, பூட்டிய பெட்டியில் இருக்கிறது.

அண்ணன் எஸ்கோவும் காரினா அண்ணியும் வழக்கம்போல் என் வீட்டு நீராவிக் குளியலறைக்கு, சவுனாவுக்கு, வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்னாலேயே அடுப்பில் சூடேறும் கற்கள்மேல் வீசுகிற வாளித் தண்ணீரில் பைன் மரத் தார் நாலு சொட்டு விட்டுவைத்தேன். அண்ணனுக்கு அந்த வாசனை பிடிக்கும். சொல்லிக்கொள்வதில்லை.

குளித்துவிட்டு வந்து, சமையலறை மேஜைமேல் கிடந்த ஸ்லைடை எஸ்கோ பார்த்தான்.

"அப்படியே விட்டிருக்கலாம்."

"தேஞ்சு அசிங்கமா இருந்துச்சே."

"கெடுத்துடப் போற."

அவ்வளவுதான். காப்பியைக் குடித்தான், போய்விட்டான். அப்பா உயிலில் துப்பாக்கியை என் பேருக்கு எழுதியதிலிருந்தே இப்படித்தான். லைசென்ஸ் என்னிடம்தானே இருக்கிறது, சுடும் சங்கத்தில் நான்தானே இருக்கிறேன், வேறு யாருக்கு எழுதுவார்? அடக்கம் முடிந்த நாளிலிருந்து எங்களுக்குள் மிச்சமிருப்பது இந்தச் சனிக்கிழமை சவுனா ஒன்றுதான். அதுவும் போனால் எனக்கென்று யார்?

ஏப்ரல் 28 வசந்தப் போட்டியில் அப்பாவின் துப்பாக்கியால் சுடப்போகிறேன் என்று சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேனே.

பிப்ரவரி 7, புதன்

ஸ்லைடுக்குப் புது நீல மெருகு மூன்று முறை ஏற்றியாயிற்று. துரு ஏற்றும் திரவத்தைப் பஞ்சில் ஒற்றி மெல்லிசாகத் தடவ வேண்டும். சூடும் ஈரமுமான இடத்தில் தொங்கவிட்டால் சில மணி நேரத்தில் செம்பொடி பூக்கும். அதைக் கொதிநீரில் போட்டால் செம்மை கறுப்பாகும். கம்பளி மாதிரி மெல்லிய இரும்பு நாரால் தடவினால் தூசி போய்க் கறுப்பு மட்டும் நிற்கும். இப்படி ஏழெட்டு முறை.

சூடும் ஈரமும் வேண்டுமென்றால் சவுனாவை விட்டால் வேறு இடம் ஏது? கொஞ்சம் விறகு, கல்மேல் ரெண்டு கரண்டித் தண்ணீர், கதவைச் சாத்து. கொதிக்க வைக்கக் குழாய்த் தண்ணீர் ஆகாது. முற்றத்துப் பனியை அள்ளி உருக்குகிறேன்.

இப்போதே புகை நிறம் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

போச்சு.

நேற்று எல்லோரும் குளித்து முடித்த பிறகு, அறை கதகதவென்று ஈரமாக இருந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா என்று ஸ்லைடை உள்ளே தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் இடதுபக்கம் ஆறு புள்ளிகள். செம்பொடியே பூக்காமல், வழுக்கையாக, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவு. கொதிக்க வைத்தால் இன்னும் பரவிவிட்டது.

எண்ணெய். சந்தேகமே இல்லை. எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் துரு பிடிக்காது. ஆனால் நான் கையுறை இல்லாமல் தொடவே இல்லையே? அசிட்டோனில் ரெண்டு தடவை கழுவினேனே?

முழுசும் உரிக்க வேண்டும். முதலிலிருந்து.

பிப்ரவரி 15, வியாழன்

உரித்தேன். தேய்த்தேன். கழுவினேன். புது இரும்பு நார், புதுப் பாத்திரம், புதுப் பனி. ரெண்டு முறை ஏற்றியதில் குறையே இல்லை. வேலை செய்யும் பல் ஆய்வுக்கூடத்தில் இன்று மதியம் பட்டாணிச் சூப். விரல் நகத்தடியில் கறுப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரி நிலக்கரி அள்ளப் போனியா என்றாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மறுபடியும். அதே இடதுபக்கம். இந்த முறை ஒன்பது.

வயிறு எரிகிறது. திட்டவும் ஆளில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

நோன்புக்கு முந்தின செவ்வாய், பிள்ளைகள் பனியில் சறுக்குகிற நாள். கிரீம் பன் ரெண்டு தின்றேன். ஸ்லைடைத் தொடவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

மூன்றாவது தடவை.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை. உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். திங்கள் ஏற்றினால் நன்றாக வருகிறது. புதன், நன்றாக வருகிறது. வெள்ளி, பட்டு மாதிரி. சனிக்கிழமை ஏற்றியது மட்டும் நாசம். சனிக்கிழமைக்கும் மற்ற நாளுக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் வருகிறார்கள்.

அவர்கள் உள்ளே குளிக்கும்போது ஸ்லைடு எங்கே இருக்கிறது? உடைமாற்றும் அறையில், கம்பியில் தொங்குகிறது. புள்ளி எந்த அளவு? கட்டைவிரல் அளவு.

"கெடுத்துடப் போற" என்று சொன்னவன் யார்?

எழுதிவிட்டு எனக்கே கூசுகிறது. ஆனாலும் எழுதியதை அடித்துவிடவில்லை.

மார்ச் 3, சனி

கேட்டுவிட்டேன்.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். குளித்துவிட்டு வந்து சாசேஜ் சுட்டுக் கடுகு விழுது தொட்டுத் தின்றுகொண்டிருந்தோம். எஸ்கோ விரலை நக்கினான். எண்ணெய் வழிகிற அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"அண்ணா, நீ அந்த ஸ்லைடத் தொட்டியா?"

"எத?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. அங்க தொங்குதே. வாராவாரம் நீ வந்துட்டுப் போனா அதுல விரல் பதியுது. வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே. எனக்குக் குடுத்துட்டாருன்னு வயித்தெரிச்சல்னா நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

காரினா அண்ணி முள்கரண்டியை வைத்துவிட்டு, என்ன பேச்சு பேசறே ரைலி என்றாள். எஸ்கோ வாயில் இருந்ததை மென்று முடித்தான்.

"தொடல."

எழுந்தான். கோட்டைப் போட்டான். அண்ணி பின்னாலேயே போனாள். பாதி சாசேஜ் தட்டிலேயே கிடந்தது.

நான் சொன்னதில் என்ன தப்பு? யாராவது ஒருத்தர் கேட்கத்தானே வேண்டும்?

மார்ச் 4, ஞாயிறு

புள்ளிகள். ஏழு. பார்த்தாயா? நான் சொன்னது சரிதானே?

உரிக்கிறேன்.

மார்ச் 10, சனி

வரவில்லை. நாலு மணிக்கே அடுப்பைப் பற்றவைத்திருந்தேன், வழக்கம். ஐந்தரைக்குக் கார் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டுக்கு வந்தது. தனியாகக் குளித்தேன். தார்க் குப்பியை எடுக்கவில்லை, யாருக்காக எடுப்பது?

உடைமாற்றும் அறையில் ஆணியைப் பார்த்தேன். எஸ்கோவின் கம்பளித் தொப்பி இல்லை. பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் தொங்கும், சவுனாவில் தலை சுடாமல் இருக்கப் போட்டுக்கொள்வது. அன்றைக்குப் போகும்போதே எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நான் கவனிக்கவில்லை.

மார்ச் 11, ஞாயிறு

ஒரு புள்ளி இல்லை. முனையிலிருந்து முனை வரை ஒரே சீரான செம்பொடி. கொதிக்க வைத்தேன், தடவினேன். கறுப்பு.

அப்படியென்றால் அவன்தான். நிரூபணமாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மார்ச் 19, திங்கள்

ஐந்து முறை ஆயிற்று. போன சனிக்கிழமையும் யாரும் வரவில்லை, போன சனிக்கிழமையும் ஒரு குறை இல்லை. கறுப்புக்கு அடியில் நீலம் எட்டிப்பார்க்கிறது. சங்கத்தில் ஸ்லைடின் படத்தைக் காட்டினேன். ஆகா ஓகோ என்றார்கள். வீட்டுக்கு வந்தால் காட்ட ஆளில்லை.

மார்ச் 24, சனி

காப்பி மூன்று கோப்பைக்குப் போட்டுவிட்டேன். கொட்டினேன்.

மார்ச் 31, சனி

ஏழு முறை முடிந்தது. இன்று கடைசி. நாளை எண்ணெய் பூசினால் வேலை முடிந்தது.

சவுனா சூடேறியதும் உள்ளே போய் உட்கார்ந்தேன். வெறும் தண்ணீரின் ஆவி. என்னவோ போல் இருந்தது, நம் வீட்டுச் சவுனாவே இல்லை போல. எழுந்துபோய்த் தார்க் குப்பியை எடுத்து வாளியில் நாலு சொட்டு விட்டேன். கல்மேல் வீசியதும் அந்த வாசனை. கொஞ்ச நேரம் அழுதேன். ஆவியில் யாருக்குத் தெரியும், எனக்கே தெரியவில்லை.

குளித்து முடித்து ஸ்லைடை உள்ளே தொங்கவிட்டேன்.

ஏப்ரல் 1, ஞாயிறு

பதினொரு புள்ளிகள்.

வீட்டில் யாருமில்லை. யாரும் வரவில்லை. கதவு பூட்டியிருந்தது. உறைபனியில் வாசலில் என் காலடியைத் தவிர வேறு தடமில்லை. போய்ப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரிப் போய்ப் பார்த்தேன்.

பிறகு வாளியை முகர்ந்தேன்.

தார். தார் எண்ணெய்தானே! கல்மேல் விழுந்து ஆவியோடு எழும்பி, அந்தக் கதகதப்பில் குளிர்ந்த இரும்பைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டால் அது எங்கே போய் உட்காரும்? கதவுப் பக்கம் பார்த்த வலதுபக்கத்தில் உட்காராது. அடுப்பைப் பார்த்த இடதுபக்கம்தான் உட்காரும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே என் கையால் சொட்டுச் சொட்டாக விட்டு, நானே கெடுத்து, அவன்மேல் பழியைப் போட்டு —

அட கடவுளே. என்னென்ன சொல்லிவிட்டேன். வயித்தெரிச்சல்னு வேற சொன்னேன்.

ஏப்ரல் முதல் தேதி. பொருத்தமான நாள்தான்.

ஏப்ரல் 3, செவ்வாய்

போனை எடுத்தேன், வைத்தேன். போனில் சொல்கிற விஷயமா இது?

ஏப்ரல் 5, வியாழன்

உரித்துவிட்டேன், எட்டு முறை ஏற்றியதை. கோபம்கூட வரவில்லை.

ஏப்ரல் 7, சனி

ஈஸ்டர் சனி. போனேன்.

எஸ்கோ கொட்டகைக்குப் பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் கோடாலியை வைக்கவில்லை. ரெண்டு கட்டை பிளக்கும்வரை நின்றேன். மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"நீ தொடலண்ணா. தார்தான். நான்தான் தண்ணில விட்டேன்."

"என்ன தார்?"

சொன்னேன். வாராவாரம் உனக்காகத்தான் விட்டேன் என்பதையும் சொன்னேன். அவன் கோடாலியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"எனக்கா?"

"உனக்குப் பிடிக்குமேன்னு."

"எனக்கு அந்த நாத்தமே ஆகாது. அப்பாவுக்குத்தான் பிடிக்கும். அவரு போனப்புறமும் நீ ஊத்தினியா, சரி, அவர நெனச்சுக்கறா போலன்னு சும்மா இருந்தேன்."

சன்னலிலிருந்து காரினா அண்ணி, எனக்கு வாராவாரம் தலைவலி, வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கிறேன் தெரியுமா என்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எஸ்கோ சிரிக்கவில்லை. அவனுக்கு இன்னும் ஆறவில்லை, முகத்தில் தெரிந்தது. மன்னிச்சிருண்ணா என்றேன். ம் என்றான். அப்புறம் கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு, கட்டையைப் பார்த்தே சொன்னான்:

"கல்லெல்லாம் தார் குடிச்சிருக்கும். கழுவினா போகாது. மாத்தணும்."

ஏப்ரல் 12, வியாழன்

வேலையிலிருந்து வந்தால் சவுனா வாசலில் பழைய கற்கள் குவிந்து கிடக்கின்றன. அடுப்பில் புதுக் கற்கள், ஒழுங்காக அடுக்கி. சுவரெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறது. சாவி எங்கே இருக்குமென்று அவனுக்குத் தெரியாதா என்ன. சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை.

முற்றத்தில் பனி தீர்ந்துவிட்டது. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நிழலில் கொஞ்சம் அழுக்குப் பனி. மேலே சுரண்டிவிட்டு அள்ளினேன்.

ஏப்ரல் 14, சனி

வரவில்லை. கேட்கவும் இல்லை. மூன்றாம் முறை ஏற்றியது நன்றாக வந்தது. அது யாருக்கு வேண்டும்?

ஏப்ரல் 21, சனி

வரவில்லை. காரினா அண்ணி போன் பண்ணி, அவரு ஒரு மாதிரி, விடு, தானா வருவாரு என்றாள். தானாக வருவதற்குள் எனக்கு வயசாகிவிடும்.

ஏப்ரல் 25, புதன்

எட்டு முறை. எண்ணெய் பூசினேன். வெளிச்சத்தில் திருப்பினால் ஆழ்ந்த நீலம், நிழலில் கறுப்பு. ஒரு புள்ளி இல்லை. பூட்டிய பெட்டியைத் திறந்து ஸ்லைடை அடிப்பாகத்தோடு பொருத்தினேன். பழையதும் புதியதும் எங்கே சேருகிறதென்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 28, சனி

பதினான்காம் இடம். முதல் சுற்றிலேயே ரெண்டு குண்டு இலக்கில் படவே இல்லை. ஆகா ஓகோ சொன்னவர்கள் எல்லாம் துப்பாக்கியைப் பார்த்தார்கள், இலக்கைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். போகட்டும்.

வீட்டுக்கு வந்து சவுனாவைப் பற்றவைத்தேன். துப்பாக்கியைத் துடைப்பதற்காகக் கழற்றிச் சமையலறை மேஜையில் செய்தித்தாள்மேல் வைத்திருந்தேன். ஐந்தரைக்குக் கார் சத்தம். பக்கத்து வீட்டுக்குத்தான் என்று எழுந்திருக்கவில்லை. கதவு திறந்தது. முதலில் காரினா அண்ணி, கையில் சாசேஜ் பொட்டலம். பின்னால் எஸ்கோ. கோட்டுப் பையிலிருந்து கம்பளித் தொப்பி துருத்திக்கொண்டிருந்தது.

எத்தனாவது இடம் என்றான். சொன்னேன். மோசம் என்றான். பிறகு மேஜையைப் பார்த்தான். தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தான்.

"தொடுண்ணா. இப்ப தொட்டா ஒண்ணும் ஆகாது."

எடுத்தான். திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, கெட்டுவிட்டது என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டு, தண்ணீல எதுவும் ஊத்தலையே என்று கேட்டுக்கொண்டே குளிக்கப் போனான்.

இப்போது ரெண்டு பேரும் உள்ளே இருக்கிறார்கள். ஸ்லைடின் இடதுபக்கம் அவன் கட்டைவிரல் பதிந்திருக்கிறது, ரேகை ரேகையாக. வியர்வைக் கை. அப்படியே விட்டால் துரு பிடிக்கும், எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும்.

நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம்.