புடவையின் மறுமுனை

என் கூடப் பிறக்காத அக்காவே,

நீ போனபிறகு நம் ஸ்ரீராம்புரம் சந்துக்கு இன்னொரு குழாய் வந்துவிட்டது. கூட்டம் மட்டும் குறையவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வைத்துத்தான் நேற்று உன் பழியைத் தீர்த்தேன்.

எதிர்வீட்டுக் கோவிந்தம்மாவைச் சொல்கிறேன். அவள் பெற்ற நான்குக்கும் கழுத்தில் உரம் விழுந்தபோதெல்லாம் நீதானே எடுத்தாய்? உன் பழைய நூல் புடவையில் பிள்ளையைக் கிடத்தி, நீ ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல உருட்டுவோம். பிறகு எண்ணெய் தொட்டு, பாலாடையை விலக்குகிற மாதிரி கழுத்தை நீவுவாய். சுளுக்கின கழுத்து நேராகும். பிள்ளை பால் குடிக்கும்.

பின்வீட்டுக் குழந்தை காய்ச்சலில் போனபோது அவள்தான் குழாயடியில் முதலில் வாய் திறந்தாள். "புள்ள பெறாத கை, தாலி அறுத்த கை. அது தொட்டா தங்குமா?" நீ அந்தக் குழந்தையைத் தொட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. யார் கேட்டார்கள்? அப்புறம் நம் வாசலுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. சாகக் கிடந்தபோதும் உன் விரல்கள் போர்வையை நீவிக்கொண்டே இருந்தனவே, அது யார் வீட்டுப் பிள்ளையின் கழுத்து, அக்கா?

நேற்று மில் சங்கு ஊதினதும் மகளைக் கூட்டிக்கொண்டு அவளே வந்து நின்றாள். கையில் அந்த மகள் பெற்ற பெண் குழந்தை. தலை ஒருபக்கம் சாய்ந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"பால வாயிலயே வெக்க மாட்டேங்குது செல்லம்மா. நீதான் எடுக்கணும்."

"எடுக்கறேன். குழாயடிக்கு வா."

"வூட்டுக்குள்ளயே எடேன்."

"வெளிச்சம் வேணும்."

குழந்தையை நான்தான் அணைத்துக்கொண்டு நடந்தேன். அதன்மேல் எனக்கு என்ன கோபம்? குடங்களை ஒதுக்கச் சொல்லி, கம்பளி விரித்து, அதன்மேல் உன் அரக்குக் கரைப் புடவையைப் போட்டேன். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது… பெரியவளோடது இல்ல?"

"ஆமா. தாலி அறுத்தவ புடவைதான். வேணாம்னா புள்ளைய எடுத்துக்கினு போ. வேணும்னா அந்த முனையப் பிடி."

பிடித்தாள். நான் உன் முனையைப் பிடித்தேன். உருட்டத் தொடங்கினதும் கேட்டேன்: "உன் நாலு புள்ளைக்கும் உரம் எடுத்தது யாரு?"

முனகினாள். வரிசையில் இருந்த பூக்காரி கெம்பம்மா குடத்தைத் தட்டினாள். "ஜோராகி ஹேளம்மா! கேள்ஸ்தில்லா!" காதில் விழவில்லையாம், சத்தமாகச் சொல்லவேண்டுமாம்.

இரண்டு கையிலும் புடவை. அவளால் முகத்தை மூடிக்கொள்ளக்கூட முடியவில்லை.

"பொன்னம்மாதான் எடுத்தா!" என்று கத்தினாள். "நான் சொன்னதெல்லாம் பொய்யி!"

குழாயடியே அடங்கிவிட்டது. நான் கழுத்தை நீவி முடிப்பதற்குள் குழந்தையும் அடங்கியது. தாயிடம் கொடுத்ததும் சப்புக்கொட்டிக் குடித்தது.

"மன்னிச்சிடு," என்றாள் கோவிந்தம்மா.

"அதக் கேக்க வேண்டியவ போயிட்டா."

நீயாக இருந்தால் மன்னித்துக் காப்பியும் கொடுத்து அனுப்பியிருப்பாய். நான் நீ இல்லை. "பொம்பளைங்க சண்டைய ரோட்டுக்கு இழுக்கறியே," என்று உன் கொழுந்தன் என்னைத் திட்டினார். ரோட்டில் வைத்துத்தானே அவள் உன்னைக் கொன்றாள்? நான் செய்தது உனக்குப் பிடிக்கவில்லையோ?

பிடிக்காவிட்டாலும் இதுதான் நான் உனக்குத் தரும் வாக்கு. இந்தச் சந்தில் எந்தப் பிள்ளைக்கு உரம் விழுந்தாலும் இனிக் குழாயடியில்தான் எடுப்பேன். மறுமுனையை அவள்தான் பிடிக்கவேண்டும். அடுப்பில் உலை கொதித்தாலும் வரவேண்டும். இந்தக் கைவேலை யாருடையது என்று கேட்பவர்களுக்கு அவள் வாயால்தான் பதில் வரவேண்டும், சத்தமாக.

இன்று காலையே ஒரு குழந்தையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவளைக் கூட்டிவர ஆள் அனுப்பிவிட்டேன்.

இப்போது உன் முனையைப் பிடித்திருக்கும்,
உன் ஓரகத்தி
செல்லம்மா