பழைய பிராசசரைக் கழற்றிய நாள்

பாவா, இன்று கடையில் ஸ்பிரிட் வாசனை. பிராசசர் மேல் சூடு தணியப் பூசிக் காய்ந்துபோன பேஸ்ட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பீர்களே, அதே வாசனை. மருத்துவமனையில் ஊசி போடுமுன் உங்கள் கையில் தடவியதும் அதுதான். துடைத்துக்கொண்டிருந்தவர் உங்கள் அரக்கோணத்து நண்பர், பாய். நான் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

சேலை டிசைன் போடும் புது சாஃப்ட்வேர் நம் கம்ப்யூட்டரில் ஓட மறுத்துக் கொஞ்ச காலமாகிறது. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்கள் கேட்கும் டிசைனை அதில்தான் போட முடியும். அவர்களும் எத்தனை நாள் பொறுப்பார்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். புது பிராசசர் போட்டே ஆகவேண்டும் என்றார் பாய். நீங்கள் பார்த்துப் பார்த்துப் பூட்டிய மெஷின். நாளை, நாளை என்று தள்ளினேன். நேற்று கிருத்திகை என்று ஒரு சாக்கு. கிருத்திகையன்று நீங்கள் எந்த மதர்போர்டிலும் கை வைக்க மாட்டீர்கள். முருகன் மேல் அவ்வளவு பக்தி என்று கடைத்தெருவே நம்பியது. மலைக்கோயிலுக்கு வரும் கூட்டத்தில் தெரு முழுக்க விளக்கு எரிந்து கரண்ட் ஆடும், போர்டுக்குள் இருந்து கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸ் புரோகிராமை மாற்றும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று சாக்கு ஏதும் இல்லை.

"புது பிராசசரை இந்த போர்டுக்கு அடையாளம் தெரியாது அண்ணி. பழசு உள்ள இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணிட்டுத்தான் மாத்தணும்" என்றார் பாய்.

"அப்புறம் பழசு?"

"புது பயாஸ்ல அதுக்கு இடம் இல்லீங்க. திரும்பப் போட்டாலும் இந்த போர்டு எழுந்துக்காது."

திரையில் அப்டேட் ஓடும் கோடு மெல்ல நகர்ந்தது. தனக்கு இடமில்லாமல் போகிற வேலையை அந்தப் பழையது தானே செய்து முடித்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நீங்களும் இதைத்தானே செய்தீர்கள்? மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி தறிக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டீர்கள். "ஆங், நான்தான் பேசறேன். இனிமே டிசைன் எதுனா வேணும்னா எம் பொண்டாட்டிகிட்ட கேளுங்க. நல்லா பண்ணிகினு இருக்கறா." அதற்குள் மூச்சு வாங்கியது. நான் போனைப் பிடுங்கினேன்.

"எதுக்கு இப்ப இதெல்லாம்? வீட்டுக்கு வந்து நீங்களே பேசிக்குங்க."

"குடு. இன்னும் ரெண்டு பேருதான்" என்றீர்கள். கொடுத்தேன்.

புதியது பொருந்திவிட்டது. சாஃப்ட்வேர் சட்டென்று திறக்கிறது. மதியமே ஒரு பார்டர் டிசைனை முடித்து அனுப்பினேன். கிடைத்ததென்று தறிக்காரர் போன் செய்தார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது.

நீங்கள் நினைத்தபடியே எல்லாம் நடக்கிறது, பாவா. நீங்கள் இல்லாமலே நடக்கிறது. கடை, ஆட்கள், பாஸ்வேர்டு என்று ஒன்றுவிடாமல் என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனீர்கள். போவதற்கு அவ்வளவு தயாராக இருந்தீர்களே என்கிற கோபத்தை மட்டும், ஒப்படைக்க ஆளில்லாமல் இன்னும் நானே வைத்திருக்கிறேன்.