பாட்டிலில் கட்டிய வலைநூல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், கோபத்தைத் தவிர.

இங்கே ஆய்வகத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை ஊசியில் போட்டால் எலியின் கருப்பையில் கருவைத் தாங்கும் சதை திரளும். கூடவே ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோனையும் கூடுதலாகப் போட்டேன், சதை திரளவில்லை.

"பாட்டில மாத்திட்ட. ஃபிஜியில இப்படித்தான் வேல பாப்பீங்களா?" என்றார் மேலாளர் கிரெய்க்.

இரண்டு மருந்தும் எண்ணெயில் ஒரே நிறம்தான். அதற்காகத்தான் ஈஸ்ட்ரோஜன் பாட்டிலில் அப்பாவின் சிவப்பு வலைநூலைக் கட்டியிருந்தேன். அதைக் காட்டினேன். கிரெய்க் நூலை வெட்டி எறிந்துவிட்டுத் தானே செய்து பார்த்தார். அவருக்கும் அதேதான் வந்தது: ஈஸ்ட்ரோஜன் கூடினால் சதை திரளாது.

நேற்றுக் கூட்டத்தில் சொல்கிறார்: "இத நான் அப்பவே கண்டுபிடிச்சேன்."

டிராமுக்கு நேரமாகிவிட்டது. அப்பாவிடம் இன்னொரு கண்டு நூல் வாங்கி அனுப்புங்கள். இனி என் நோட்டுக்கும் கட்டுவேன், அப்பா போடும் முடிச்சாகவே. அதை அவிழ்க்க இங்கே வேறு யாருக்கும் தெரியாது.

மெரெயோனி